பெரிய கையெழுத்து

செவ்வாயில் செம்புலம் என்றொரு குடியேற்றம். அங்கே காலையில் பல் தேய்த்த கையோடு எல்லோரும் பூமிக்கு மனு அனுப்பும் அனுமதிக்கம்பத்தின் முன் போய் நிற்பார்கள். மீசையை எடுக்க வேண்டுமா, தோசைக்கு மாவரைக்க வேண்டுமா, பூமியில் இருக்கும் தலைமைச் சபை முத்திரை குத்தியாக வேண்டும். மனு இருபது நிமிடத்தில் பூமிக்குப் போய்விடும். பதில் வரத்தான் வருடக்கணக்காகும்.

அங்கயற்கண்ணியின் மகள் இளவேனிலுக்குக் கல்யாணம் நிச்சயமாகி மூன்று வருடம் ஆயிற்று. முத்திரைதான் வரவில்லை. மாப்பிள்ளைக்கு முன்மண்டை வழுக்கை விழ ஆரம்பித்துவிட்டது. பெற்றவளுக்கு வயிறு எரியாதா?

"போதும்யா போதும்! தனி நாடாப் போயிடுவோம்" என்று ஊர் மன்றத்தில் முதலில் கத்தியவள் அவள்தான்.

தனி நாடு என்றால் சாசனம் வேண்டுமே. எழுத்தாணியைக் கூப்பிட்டார்கள். அது எழுதுவதற்கென்றே செய்த இயந்திரன். உலக வரலாறு அதற்குத் தலைகீழ்ப் பாடம்.

"அமெரிக்காவும் இப்படித்தாங்க இருந்துச்சு" என்றது எழுத்தாணி. "கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மன்னர். பதின்மூணு குடியேற்றம் சேர்ந்து, நீங்க எங்களுக்கு ராஜாவா வேண்டாம்னு அறிக்கை எழுதினாங்க. அதுல ஒருத்தர் மட்டும் எல்லாரையும் விடப் பெருசாக் கையெழுத்துப் போட்டார். பதினோரு வருஷம் கழிச்சு பிலடெல்பியாவுல, வெயில் காலத்துல, சன்னலை அடைச்சுக்கிட்டு நாலு மாசம் வாதாடி சாசனம் எழுதினாங்க. ஒரே கையில அதிகாரம் குவியக் கூடாதுன்னு மூணாப் பிரிச்சாங்க."

மன்றத் தலைவர் சங்கரபாண்டியன் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பெரிய கையெழுத்து... இங்க யாரோடது?"

அவ்வளவுதான், செம்புலத்திலும் நாலு மாதம் சண்டை நடந்தது. அதிகாரத்தை எப்படிப் பிரிப்பது என்று ஒரு ஜீவன் வாய் திறக்கவில்லை. காற்று ஆலைத் தலைவி ஜெபக்கனி, "நான் ஆலையை நிறுத்தினா ஒருத்தருக்கும் மூச்சு கிடையாது. என் கையெழுத்துக்கு ஒரு சாண் இடம் வேணும்" என்றாள். தலைவர் ஒன்றரைச் சாண் கேட்டார். எழுத்தாணி தினமும் வரைவைத் தூக்கிக்கொண்டு வந்து கெஞ்சும்.

"ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்."

"நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். எழுத்தைச் சின்னதாக்கு, கையெழுத்துக்கு இடம் பத்தல" என்பார் தலைவர்.

"படிக்கிறதுக்கா நேரம்? என் பொண்ணு கல்யாணம் நிக்குதுப்பா!" என்பாள் அங்கயற்கண்ணி.

கடைசியில் சாசனம் தாளின் உச்சியில் கடுகு எழுத்தில் ஒடுங்கியது. அதன் கீழே நாற்பத்திரண்டு பேர் கையெழுத்திட்டார்கள். கைதட்டல் அடங்கியதும் எழுத்தாணி ஏழாவது விதியை உரக்கப் படித்தது.

"இதைப் படிக்காமல் அனைவரும் ஒப்பமிட்டால் எழுத்தாணியே இந்நாட்டின் மன்னர். யாரேனும் ஒருவர் முழுவதும் படித்து முடித்தால், அந்த நொடியே மன்னர் பதவி ஒழியும்."

எல்லோரும் எட்டித் தாளின் உச்சியைப் பார்த்தார்கள். எழுத்தாணிக்கு நம்பிக்கை பிறந்தது.

"இப்பவாவது படிங்க. அரைப் பக்கம்கூட இல்ல. எனக்கு இந்த ராஜா வேலையெல்லாம் வேண்டாங்க."

முதலில் அசைந்தவர் சங்கரபாண்டியன். தம் தோளில் கிடந்த பொன்னாடையை உருவி இயந்திரனின் கழுத்தில் போட்டு, "மன்னர் வாழ்க!" என்றார். அதற்குள் ஜெபக்கனி முந்திக்கொண்டு போய் அதன் பக்கத்தில் நின்றாள், படம் எடுத்துக்கொள்ள. மதியத்துக்குள் வாசல் வரை மனுதாரர் வரிசை.

வரிசையில் முதல் ஆள் அங்கயற்கண்ணி. தாளுக்குத் தட்டுப்பாடான ஊர். கைக்கு அகப்பட்ட ஒரு தாளின் பின்பக்கத்தில் மனுவை எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

"ராஜா, என் மக கல்யாணத்துக்கு அனுமதி வேணும்."

எழுத்தாணி தாளைத் திருப்பிப் பார்த்தது. சாசனமேதான்.

"அம்மா, உங்களுக்காகத்தான் இதை மொத விதியா எழுதினேன். இங்க பாருங்க: கல்யாணத்துக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை."

அங்கயற்கண்ணி தாளை வாங்கி, மனுப் பக்கம் மேலே வரும்படி மறுபடியும் திருப்பி வைத்தாள்.

"அது கிடக்கட்டும் ராஜா. நாளைக்குச் சம்பந்தி கேட்டா நான் எதைக் காட்டுவேன்? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. கொஞ்சம் பெருசாவே போடுங்க."