தூங்கினால் எழாத லேப்டாப்

பேட்டரியைக் கழற்றி வைத்து வெகுநேரமாகியும் அந்த லேப்டாப்பின் அடிப்பக்கம் காய்ச்சல்காரன் வயிறுபோலச் சுட்டுக்கொண்டிருந்தது. வீட்டின் முன்னறைதான் மெக்கானிக்கின் கடை. சாலிடர் புகைக்கும் பழந்தூசிக்கும் பழகிப்போன மூக்குதான், ஆனாலும் பல நாள் துலக்காத வாயை யாரோ முகத்தருகே திறந்தாற்போல மூடியின் இடுக்கிலிருந்து வந்துகொண்டேயிருந்த அந்த நாற்றத்துக்கு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதைக் கொண்டுவந்தவர் காலையில் வாசலிலேயே நின்று பேசினார்.

"எங்கண்ணனோடது. மூடி வச்சுத் திறந்தா எந்திரிக்காது. ஃபேன் ஓடும், திரை கறுப்பாவே நிக்கும். அவரே கழட்டித் தொடச்சுப் பாத்தாரு."

"அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"தொடச்ச அன்னிக்குப் படுத்தவரு எந்திரிக்கல. கண்ணு மட்டும் திறந்தே இருக்கு. டாக்டருக்கும் ஒண்ணும் புரியல."

பாவம் என்று நினைத்ததோடு சரி, மெக்கானிக் வேலையில் இறங்கிவிட்டான்.

ப்ராசசரின் மேல் சூடு தணிக்கப் பூசும் பேஸ்ட் வழக்கமாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். இது ஈரமாக, சீழ் நிறத்தில், நூல் நூலாக இழுபட்டது. துடைக்கிற ஸ்பிரிட் தீர்ந்திருந்தது. பழக்கதோஷம், கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் துடைத்தான். மறுபடி தொட்டான். அப்புறம்தான் வாயெல்லாம் உப்புக் கரித்தது, இளஞ்சூடாக.

"சீ, எச்சிலத் தொட்டுத் தொடைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? உங்களப் பாத்துப் பாப்பாவும் அதையே செய்றா," என்றாள் மனைவி, பையை எடுத்துக்கொண்டே. "நான் வர்ற வரைக்கும் அவளப் பாத்துக்குங்க."

மகள் நிலைப்படியில் நின்று அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுப் பேஸ்ட் பூசி, மூடித் திறந்தான். எழுந்தது. இன்னொரு முறை. உடனே எழுந்தது. அவனுக்குத்தான் கண்ணைச் சுழற்றியது. கொஞ்சம் சாயலாம் என்று தரையில் படுத்தான்.

விழித்தான். எழ முடியவில்லை.

கண் திறந்திருந்தது. இமை அசையவில்லை. உடம்பெல்லாம் கொதித்தது. மார்புக்குள் ஏதோ விர்ரென்று ஓடியது. நிற்காமல். பிளந்த வாயிலிருந்து கழுத்துக்கு எதுவோ வழிந்தது. கெட்டியாக. அதே நாற்றம்.

மகள் வந்து குனிந்து பார்த்தாள்.

கிட்ட வராதே கண்ணு. நாக்கு புரளவில்லை.

"அப்பா, அழுக்கு," என்றாள்.

கட்டைவிரலை நாக்கில் தொட்டாள். அவன் கடைவாயை அக்கறையாகத் துடைத்தாள்.

மறுபடி நாக்கில் தொட்டாள்.