எஸ்டிபி என்று ஒட்டிய பெட்டி

“நான்தான் அழிச்சேன்னா, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க,” என்று மேலாளரிடம் கேட்டாள் அவள்.

இந்த ஒன்றை மட்டும் மேலிடத்தில் கேட்டுவிடாதே என்று சொல்லித்தான் அவளை அப்பா வேலைக்கு அனுப்பியிருந்தார். முப்பது வருடம் காவலாளியாக வாசலில் நின்றவர். அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரி முடித்தவள் அவள். ஸ்கேன் மையத்தில் அவளுக்கு வைத்த பெயரே ‘பட்டதாரி’.

மேலாளர் எழுதித் தரவில்லை. அவளும் விடவில்லை. மூன்றாம் நாள் நிர்வாகம் ஒரு துப்பறிவாளரை வரவழைத்தது. முதுகுவலிக்காரர், வந்ததும் நாற்காலி தேடினார். கூடவே வந்த அவருடைய மச்சினர் கணினி அறையின் பூட்டை முகர்ந்து பார்க்காத குறையாக ஆராய்ந்தார்.

விஷயம் இதுதான். மையத்தின் லினக்ஸ் கணினியில் இரண்டு டிஸ்க் பெட்டிகள் இணைந்திருந்தன. ஒன்றில் ‘எஸ்டிஏ’ என்று ஒட்டியிருந்தது. நோயாளிகளின் படங்கள் அதில். மற்றதில் ‘எஸ்டிபி’, வாராந்தர நகல் அதில். திங்கள்தோறும் பழைய நகலை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். இந்தத் திங்கள் அவள் அழித்ததும் நகல் போகவில்லை, மூலம் போய்விட்டது. ஒரு வாரத்துப் படங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மறுபடி வந்து ஸ்கேனுக்குப் படுக்க வேண்டும்.

அவள் தட்டியது கணினியில் பதிவாகியிருந்தது. ‘எஸ்டிபியை அழி.’ சுவரில் மேலாளர் கையெழுத்துடன் ஒட்டிய வேலைக்குறிப்பிலும் அதேதான்.

“எவனோ கேபிளை மாத்தியிருக்கான் அத்தான்,” என்றார் மச்சினர்.

துப்பறிவாளர் கேபிள்களைக் காட்டினார். அவற்றின் மேல் ஒரு விரல்கூடப் படாத தூசி. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மின்சாரத்தில் ஓடுவது, பதினொரு நிமிடம் பின்தங்கியிருந்தது. அவள் மேசையையும் பார்த்தார். ஒரு பேனாகூட இல்லை. இழுப்பறையிலேயே சாவி தொங்கியது. அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

பிற்பகல் அவள், மேலாளர், மச்சினர் மூவரையும் அதே அறையில் உட்காரவைத்தார்.

“திங்கக்கிழமை பதினோரு நிமிஷம் கரண்ட் போயிருக்கு. கடிகாரம் நின்னு, திரும்ப ஓடியிருக்கு. இவங்க அழிக்கிறதுக்கு முன்னாடி கணினியும் அணைஞ்சு, திரும்ப எழுந்திருக்கு, அதோட பதிவுலயே இருக்கு. இந்த எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் பெட்டிக்கு வச்ச பேர் இல்ல. கணினி எழுந்திருக்கும்போது எந்தப் பெட்டி முதல்ல தலையைக் காட்டுதோ அதுக்கு முதல் பேர். உங்க வரவேற்பில குடுக்கிற டோக்கன் மாதிரி. நேத்து ரெண்டாம் நம்பர் வாங்கினவருக்கு எடுக்க வேண்டிய ஸ்கேனை, இன்னைக்கு ரெண்டாம் நம்பரோட வந்தவருக்கு எடுப்பீங்களா?”

அன்றைக்கு நகல் பெட்டி முந்திக்கொண்டு எஸ்டிஏ ஆக, படங்கள் இருந்த பெட்டி எஸ்டிபி ஆகியிருக்கிறது. ஒட்டுத்தாள் மட்டும் பழைய பெயரோடு அப்படியே இருந்திருக்கிறது.

“அப்ப இது யாருக்கும் தெரியாம நடந்தது,” என்றார் மேலாளர், மூச்சு விட்டு.

“ஒருத்தருக்குத் தெரியும். மாதாந்தர அறிக்கை எடுக்கிற கணினி நிரல் நீங்க எழுதினது. அதுலயும் முன்னாடி எஸ்டிஏன்னுதான் இருந்திருக்கு. மூணு மாசத்துக்கு முன்னாடி அதை எடுத்துட்டு, டிஸ்க்கோட மாறாத அடையாள எண்ணைப் போட்டிருக்கீங்க. அப்பவே ஒரு தடவை சூடு பட்டிருக்கீங்க. உங்களுதை மட்டும் சரி பண்ணிட்டு, இந்தப் பொண்ணுக்கு ஒட்டின பேப்பரை அப்படியே விட்டுட்டீங்க.”

மேலாளர் வேலைப் பளுவைச் சொன்னார், மறதியைச் சொன்னார். கடைசியில் அவள் பக்கம் திரும்பினார். “சரி, விடும்மா. நாளைக்கே பேப்பரை மாத்திடலாம். நீ எப்பவும்போல வா.”

துப்பறிவாளர் அறிக்கையில் கையெழுத்திட்டு ஒரு பிரதியை அவளிடம் நீட்டினார். அவள் கடைசி வரி வரை படித்து, மடித்துப் பையில் வைத்தாள். “நாளையிலிருந்து நான் வரல சார்,” என்றாள் மேலாளரிடம்.

“உங்க மேல தப்பில்லைன்னுதான் ஆயிடுச்சே, ஏன் வேலையை விட்டுப் போறீங்க?” மச்சினருக்கு மனம் கேட்கவில்லை.

“அதைச் சொல்ல வெளியில இருந்து ஆள் வரவேண்டியிருக்கு சார். நான் மூணு நாளா சொன்னது யார் காதுலயும் விழல.”

எஸ்டிபி ஒட்டுத்தாளைப் பெட்டியிலிருந்து உரித்து மேலாளரின் மேசையில் ஒட்டினாள். மேலாளர் துப்பறிவாளரைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல்.

“மேசையைக் காலி பண்ணி, சாவியைக் காலையிலேயே விட்டுட்டாங்க,” என்றார் அவர், முதுகைப் பிடித்துக்கொண்டே.

அவள் அதற்குள் படியிறங்கிவிட்டிருந்தாள்.