வெளிச்சத்தைக் குறைத்தது யார்?

மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஆம்ப்ரோஸ் குடையை உதறிக்கொண்டே ஆங் மோ கியோ அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தான். லிஃப்ட் அவன் மாடியில் நிற்காது. மேல்மாடியில் இறங்கி ஈரப் படிகளில் கீழே நடக்க வேண்டும். வீட்டுக்குள் வந்தவன் சப்பாத்தைக் கழற்றிய கையோடு சின்ன அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டான். பெட்டிக்குள் விசிறி இரைந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

திரைக்குக் கீழே இருந்த வெளிச்சக் குமிழை யாரோ இடப்பக்கம் கடைசிவரை திருகி வைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவன் காலையிலிருந்து கப்பல் கம்பெனியில் கோப்புகளோடு மாரடித்துவிட்டு வந்திருக்கிறான். மிச்சம் இருப்பவள் பிரிஜட்.

"இத ஏன் தொட்ட?"

"எத?"

"வெளிச்சத்த யாரு குறைச்சா?"

"உங்க சக்களத்திய நான் ஏன் தொடப்போறேன்? அந்த ரூம் பக்கமே போகல லா."

கம்ப்யூட்டருக்குப் பிரிஜட் வைத்த பெயர் அது. அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவளுக்கு இது ஏழாம் மாதம். அந்த அறைதான் குழந்தைக்கு என்று பேச்சு. அவனோ அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தான். பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே பிரம்புத் தொட்டிலைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள். அதைப் பார்த்தாவது புத்தி வரட்டும் என்று நினைத்தாள்.

அந்த அறை விஷயத்தில் அவளுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அவர்கள் இந்தப் பழைய வீட்டை வாங்கிக் குடிவந்தபோது, வீடு மந்திரிக்க ஃபாதர் வந்திருந்தார். அவருக்குத் தாராளமான கை. தீர்த்தத்தை வாரி இறைப்பார். புதுக் கம்ப்யூட்டர் நனைந்துவிடுமே என்று பயந்து ஆம்ப்ரோஸ் சின்ன அறையின் கதவைச் சாத்திவிட்டான். "அது ஸ்டோர் ரூம் ஃபாதர், வெறும் பழைய சாமான்தான்," என்றான். ஃபாதரும் நம்பி, அடுத்த அறைக்குப் போனார். பிரிஜட் அவனை முறைத்ததோடு சரி.

இப்போது அவனுக்கு வந்த தலைவலி வேறு. இருட்டு அரண்மனைக்குள் புதையல் தேடும் ஓர் ஆட்டம் அவனிடம் இருந்தது. இத்தனை நாளும் எல்லாம் பச்சைக் கோடுகளாகத்தான் தெரிந்தது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் டிவியும் கம்ப்யூட்டரும் பழுதுபார்க்கும் தங்கராஜு, ஒரு கலர் கார்டும் கலர்த் திரையும் பிடித்துக் கொடுத்தான். கார்டின் ஓரத்தில் அரிசி அளவில் வெள்ளைச் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. பேனா முனையால் அவற்றை மாற்றி மாற்றி வைத்ததில் சுவர்கள் சிவந்தன, பந்தங்கள் மஞ்சளாக எரிந்தன. ஆம்ப்ரோஸ் குழந்தை மாதிரி சிரித்தான்.

ஆனால் திரையின் ஓரத்தில், இருட்டான இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கறை.

ஆள் குனிந்து நிற்பது போல இருந்தது. அரண்மனையில் எந்த அறைக்குப் போனாலும் அதே இடத்தில் நின்றது.

"டிவில நிழல் விழும் பாரு, அந்த மாதிரிதான். செட்டிங் சரியில்ல. ரெண்டாவது சுவிட்ச மாத்திப் பாரு," என்றான் தங்கராஜு போனில்.

எந்தச் சுவிட்சை மாற்றியும் பலனில்லை. வெளிச்சத்தைக் கூட்டினால் கறை மறைந்தது, குறைத்தால் வந்தது. அதனால் மறையும் இடத்தில் குமிழை நிறுத்தி, பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தான். மாலையில் வந்து பார்த்தால் குமிழ் மறுபடியும் இடக்கோடியில் கிடக்கும். பிரிஜட் வேண்டுமென்றே செய்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டு, அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

வளைகாப்பு முடிந்த கையோடு மாமியார் அல்போன்சம்மாள் மகளைப் பிரசவத்துக்குக் குவீன்ஸ்டவுனில் இருந்த தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். ஆம்ப்ரோஸுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். இனி குமிழைத் தொட ஆள் இல்லை.

மறுநாள் மாலையும் திரை கறுத்துக் கிடந்தது.

பிரிஜட்டிடம் வீட்டுச் சாவி இருக்கிறதே என்று குவீன்ஸ்டவுனுக்குப் போன் போட்டான். "பிரிஜட் இன்னிக்கு எங்கயாச்சும் வெளிய போனாளா?"

"கால் வீங்கிப் படுத்திருக்கா மாப்ள," என்றார் அல்போன்சம்மாள். "எங்க போவா?"

அடுத்த நாள் சின்ன அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. குமிழ் இடக்கோடியில் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் தங்கராஜு வந்தான். வானம் மூடிக்கொண்டு வந்ததில் அறைக்குள் பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. துவைத்துக் காயாத துணியின் வாடை எங்கிருந்தோ வந்தது. தங்கராஜு பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றினான், சுவிட்சுகளைச் சரிபார்த்தான், திரும்ப மாட்டினான். கறை அசையவில்லை. ஆட்டத்தை நிறுத்தினான். கறை இருந்தது. டிஸ்கை உருவினான். அப்போதும் இருந்தது.

"கார்டுல ஒண்ணும் கோளாறு இல்ல," என்று முனகிக்கொண்டே சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினான்.

திரை அணைந்தது.

கறை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

கறுத்த கண்ணாடியில் அவர்கள் இருவருடைய முகங்களும் தெரிந்தன. அவர்களுக்குப் பின்னால் பிரம்புத் தொட்டில் தெரிந்தது. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தபடி ஒருவர் குனிந்து நின்றார்.

ஆம்ப்ரோஸுக்கு அப்போதுதான் விளங்கியது. குமிழைத் திருகியது ஒளிந்துகொள்வதற்காக இல்லை. திரையில் வெளிச்சம் இருந்தால் கண்ணாடியில் பின்னால் இருப்பது தெரியாது. அது தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பியிருக்கிறது.

"ஆம்ப்ரோஸ்," என்றான் தங்கராஜு, உதடு அசையாமல். "திரும்பாத."

தொட்டில் லேசாகக் கிரீச்சிட்டது.

ஒருமுறைதான்.

வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தார்கள். காலித் தொட்டில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டரைத் தன் கடைக்கு எடுத்துக்கொள்ளத் தங்கராஜு சம்மதிக்கவில்லை. பழைய சாமான் வாங்க வந்த கராங் குனிக்காரன் சந்தோஷமாகத் தள்ளிக்கொண்டு போனான். தொட்டிலையும் அவனிடமே கொடுத்தாயிற்று. ஆம்ப்ரோஸ் கோவிலுக்குப் போய் ஃபாதரிடம் உண்மையைச் சொல்லி அழுதான். அவர் திட்டவில்லை. அன்றே வந்து, சின்ன அறையின் கதவை அகலத் திறந்து வைக்கச் சொல்லி, மூலை முடுக்கெல்லாம் தீர்த்தம் தெளித்தார். சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்த பிறகு அறையே சிரித்தது. பிரிஜட்டிடம் எதையும் சொல்லாமல், வீண் சந்தேகத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டான்.

பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் முடிந்து பிரிஜட் குழந்தையோடு வீட்டுக்கு வந்த மாலை, ஆம்ப்ரோஸ் பால்மாவு வாங்கக் கீழே போனான். நிம்மதியாக இருந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பிரிஜட் குழந்தையை மடியில் கிடத்தி டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

செய்தி வாசிக்கும் குரல் கேட்டது. படத்தைக் காணோம். திரை கறுப்பாக இருந்தது.

"பிரிஜட், டிவி ஏன் இருட்டா இருக்கு?"

"நான் இப்பதான் வந்து உக்காந்தேன். நீங்கதான் குறைச்சு வச்சிட்டுப் போயிருக்கீங்கன்னு நெனச்சேன்."

குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அதன் கண்கள் தாயின் முகத்தில் இல்லை. அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவன் டிவியின் கறுத்த கண்ணாடியைப் பார்த்தான்.

அது குழந்தையைப் பார்க்கக் குனிந்திருந்தது.