ஆந்தையின் வயிற்றில் விழுந்த வெளிச்சம்

ஓவியக்காரி துப்பறிவாளர் வீட்டுக்கு வந்தபோது அழவில்லை. அழுதிருந்தால் மச்சானுக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருப்பான். அவளோ கையிலிருந்த தாளை மேஜைமேல் அறைந்துவிட்டு, நின்றபடியே பேசினாள்.

மச்சான் என்பது அவனுக்கு உறவாக வந்து பேராகவே நிலைத்துவிட்டது. அக்காள் புருஷனான துப்பறிவாளர் அப்படிக் கூப்பிட, தெருவே அப்படிக் கூப்பிட்டது. அவன் அவரை அத்தான் என்பான். அத்தானுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அவர் பங்குக்கும் சேர்த்து மச்சானே கோபப்பட்டுக்கொள்வான்.

விஷயம் இதுதான். படக் கார்டுகளை வைத்து ஆடும் விளையாட்டை நடத்தும் ஒரு கம்பெனி, ரசிகர்களுக்கு ஓவியப் போட்டி வைத்திருந்தது. வெற்றி பெறும் ஆந்தைப் படத்தை, வழக்கமாகக் கீழ்ப்பாதியில் வரும், ஆட்ட விதி எழுதிய எழுத்துப் பெட்டி மறைக்காமல் முழுப்படக் கார்டாக அச்சிடுவார்கள். மூலையில் வரைந்தவர் பெயர் இருக்கும். ஓவியக்காரி பிஸ்கட் கம்பெனியில் உறைகளுக்குப் படம் போடுகிறவள். பிஸ்கட் தின்கிறவன் ஓவியர் பேரையா தேடுவான்? அந்த மூலைக்காகவே அவள் கண் விழித்து வரைந்தாள். கடைசி நாள்வரை திருத்திக்கொண்டே இருப்பது அவள் வழக்கம். அனுப்பியதும் கடைசி நாளில்தான்.

அதற்கு முந்தின வாரமே அதே ஆந்தை வந்து சேர்ந்திருந்தது. அனுப்பியவர் ‘சாம்பல்’ என்ற புனைபெயரில் இருந்தார். இந்த ஊரில் போட்டியை நடத்திய கார்டுக் கடைக்காரர், பின்னால் அனுப்பியவள்தான் திருடி என்று தீர்ப்பே எழுதிவிட்டார். தாளில் வண்ணம் தீட்டுகிறவளிடம் தேதிக்குச் சாட்சி ஏது? இன்று மாலை கம்பெனியிலிருந்து வரும் அம்மாவுக்கும் ரசிகர்களுக்கும் முன்னால் அவள் மன்னிப்பில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இனி எந்தப் போட்டியிலும் இடமில்லை.

மன்னிப்பைக் கடைக்காரரே அடித்துக் கொடுத்திருந்தார். முதலில் கொஞ்சம் காலி இடம். அதன்பின், ‘ஆகிய நான், அடுத்தவர் ஓவியத்தைத் திருடியதை ஒப்புக்கொள்கிறேன்.’

“காலி இடத்துல என் பேரை நானே எழுதணுமாம். என் பேர் முதல் தடவையா வெளிய வரப்போறதே இதுலதான்,” என்றாள்.

மச்சானுக்குக் காது மடல் சுட்டது. அத்தான் அவள் கொண்டுவந்திருந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். இரண்டிலும் சிறகு விரித்த ஆந்தை, முதுகுக்குப் பின்னால் நிலா, செம்மஞ்சளாக ஒளிரும் வயிறு. அவளுடையதில் கீழே சுள்ளிகள் எரிந்தன. சாம்பலுடையதில் பனி மூடிய பாறை. சாம்பலின் வானத்தில், இடது சிறகை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று சரிந்து இறங்கியது. ‘எரிநட்சத்திரம் அருமை’ என்று நடுவர்கள் பாராட்டியிருந்தார்கள்.

அனுப்புவதற்கு முன் படத்தை யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டார். மேஜையில் விரித்திருந்தபோது அலுவலகத் தோழி பார்த்தாள். கூடவே உட்கார்ந்து பார்த்தவன் கொழுந்தன். நெருப்பு வைக்கச் சொன்னதே அவன்தான். கார்டுப் பைத்தியமான அவனுக்காக, படத்தின் கீழ்ப்பாதிமேல் எழுத்துப் பெட்டி வைத்து, நிஜக் கார்டு மாதிரியே ஒன்று அச்சிட்டுக் கொடுத்திருந்தாள்.

கொழுந்தனை வரவழைத்தார்கள். சாம்பலின் படம் வருவதற்கு முன்பே, கார்டைக் கண்ணாடி மாதிரியான புது பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனானாம். ஷோகேஸில் வைக்கிறேன் என்று கடைக்காரர் வாங்கினார், வைக்கவே இல்லை. பத்திரமாக மேஜைக்குள் பூட்டியிருப்பதாகச் சொல்லி, நாலு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“வரும்போது உறையில கீறல், அண்ணி. கார்டுக்கு வேற உறை மாத்திட்டேன்.”

“பழைய உறை?” என்றார் அத்தான்.

“அதை யாரு தூக்கிப் போடுவா? ஒரு மட்டமான கார்டுக்குப் போட்டு வச்சிருக்கேன்.”

அத்தான் முதல்முறையாகச் சிரித்தார்.

மாலையில் கடை நிறைந்திருந்தது. ஓவியக்காரி நுழைந்ததும் யாரோ ‘திருடி’ என்றார்கள். மச்சான் திரும்பினான், அத்தான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். கம்பெனி அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டு, சாம்பலின் படத்தைச் சுவரில் ஒட்டினார்.

“இந்த வயித்துல செம்மஞ்சள் எங்கேருந்து வந்துச்சு?”

“அழகுக்காக வச்சிருப்பாங்க,” என்றார் கடைக்காரர்.

“நிலா பின்னால இருக்கு. கீழே வெறும் பனி. வெளிச்சம் மட்டும் கீழேருந்து நெருப்பு மாதிரி அடிக்குது. கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி வேணாமா?” அவளுடைய படத்தை அருகில் ஒட்டினார். “நெருப்பு இங்க இருக்கு. எழுத்துப் பெட்டி அதை மறைச்ச கார்டை மட்டும் பார்த்தவருக்கு அது தெரியாது. தோழியும் கொழுந்தனும் முழுப் படத்தைப் பார்த்தவங்க. அவங்க திருடியிருந்தா நெருப்பையும் சேர்த்தே திருடியிருப்பாங்க.”

“கார்டை யாரு வேணா பார்த்திருக்கலாமே,” என்றார் கடைக்காரர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அத்தான் பழைய உறைக்குள் ஆந்தைக் கார்டைச் செருகிக் கம்பெனி அம்மாவிடம் நீட்டினார். உறையின் கீறல், இடது சிறகை ஒட்டி, மெல்லிய வெள்ளைக் கோடாகச் சரிந்து இறங்கியது. சுவரிலிருந்த எரிநட்சத்திரமும் அதே இடத்தில், அதே சரிவில் இருந்தது.

“உறையோட வச்சுப் பார்த்து வரைஞ்சிருக்கார். கீறலையும் ஓவியம்னு நினைச்சுட்டார். ” அத்தான் கடைக்காரர் பக்கம் திரும்பினார். “கீறல் விழுந்தது உங்க மேஜைக்குள்ள. பூட்டு உங்களோடது, சாவியும் உங்களோடது.”

கம்பெனி அம்மா போனில் சாம்பலின் பதிவைத் தேடினார். தேடியது கிடைத்ததும் கடைக்காரரைத்தான் பார்த்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை கடை முழுக்கப் புரிந்துவிட்டது.

“அடுத்தவன் பேர் போட்ட கார்டையே எத்தனை வருஷமா வித்துட்டிருக்கேன்,” என்றார் கடைக்காரர். “ஒண்ணுலயாவது என் பேர், புனைபேராவது, இருக்கக் கூடாதா?”

ஒரு கணம் மச்சானுக்கே பாவமாகத்தான் இருந்தது. உடனே அந்தத் தாளின் காலி இடம் ஞாபகம் வந்து, இவளை அதில் எழுத வைக்கப் பார்த்தவனாயிற்றே என்று கையை ஓங்கினான். அடிக்கத்தான் போனான். அதற்குள் ஓவியக்காரி குறுக்கே வந்து, அதே மன்னிப்புத் தாளைக் கடைக்காரர் முன் வைத்துப் பேனாவையும் வைத்தாள்.

“பேரு தானே கேட்டீங்க? இடம் விட்டுத்தான் அடிச்சிருக்கீங்க. எழுதுங்க.”

கடைக்காரர் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அவள் நகரவில்லை.

கார்டின் மூலையில் பெயரை எப்படிப் போடட்டும் என்று கம்பெனி அம்மா தணிந்த குரலில் கேட்டார். ஓவியக்காரி அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. தன்னைத் திருடி என்ற கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, தன் முழுப் பெயரையும் கோபம் தணியாத குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்.