எதிர் முனையின் எடை

நாற்பது டன் லாரி எடைமேடையில் ஏறி நிற்கும்போது அதன் கூரைமேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தால், அது சாப்பிட்டுவிட்டு வந்த ஈயா, பட்டினி ஈயா என்று அவரால் சொல்லிவிட முடியும். பூங்கா மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்துப் பாய்க்காரர்களுக்கும் காதில் விழும்படி அவரே இதைச் சொன்னார்.

"முப்பத்தாறு வருஷம் எடைமேடையில உக்காந்தவன் நான். மிஷின் தப்பு பண்ணும், நான் பண்ண மாட்டேன். ஒரு தடவ மிஷினே என்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சு."

"எப்படிப்பா? வாயத் தொறந்தா?" என்றாள் மகள்.

"சீட்டுல அடிச்சுக் குடுத்துச்சு."

பக்கத்துப் பாயில் சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. அவள் குழந்தைகள் வார்டில் நர்ஸ். இரண்டு மாதத்தில் கிடைத்த முதல் முழு விடுமுறை இது. மரத்தில் சாய்ந்து கால் நீட்டியவள் கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னாள். "எங்க வார்டுல கையால தூக்கிப் பாத்து எடை எழுதினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"வாசல்ல தேங்கியிருந்த தண்ணியத் தாண்டி உன் பொண்ணத் தூக்கிவிட்டேனே, அப்ப எவ்வளவு சொன்னேன்? பத்தொம்பது கிலோ நானூறு. சரியா இல்லையா?"

"ஃப்ரிட்ஜுல நான் ஒட்டி வெச்ச சீட்டப் பாத்திருப்பீங்க."

பார்த்திருந்தார்தான். பார்க்காவிட்டாலும் சொல்லியிருப்பார். அவருக்கு வாய்தான் புளுகும். கை புளுகியதே இல்லை. இதை எந்த வாயால் யாருக்குப் புரியவைப்பது?

ஐந்து வயதுப் பேத்தியை அவர் கூப்பிடுவது மூட்டை என்று. மூட்டைக்கு ஊஞ்சல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் ஒரு வரிசை, சறுக்குமரத்து ஏணியில் எறும்புச் சாரை மாதிரி குழந்தைகள், வெட்டிய புல்லின் பச்சை வாசனையும் வெயிலில் காய்ந்த ரப்பர் தரையின் நெடியும் ஐஸ் வண்டியின் மணியும் ஒன்றோடொன்று குழம்பி வர, பூங்காவின் கோடியில், தண்ணீர் மோட்டார் அறைச் சுவரை ஒட்டி, ஒரு மஞ்சள் சீசா பலகை மட்டும் சும்மா இருந்தது. ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து ஏறி இறங்குகிற பலகை. நூறு குழந்தைகள் கத்தும் இடத்தில் அதன் பக்கம் ஒருத்தர்கூட இல்லை. அவர் அதைக் கவனித்தார். நம்ம அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

மூட்டை விழுந்துவிடக் கூடாதென்று பலகையின் நடுக் கம்பிக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்துவிட்டு, எதிர் முனையைக் கையால் அழுத்தலாம் என்று சுற்றிப் போனார். நாலு எட்டு வைப்பதற்குள் மூட்டை மேலே போய்க்கொண்டிருந்தாள். மெதுவாக. யாரோ பக்குவமாக உட்கார்கிற மாதிரி.

எதிர் முனை காலி.

துருவாக இருக்கும், எங்காவது சிக்கியிருக்கும் என்று ஒரு விரலால் பலகையைத் தொட்டார். வெண்ணெயில் கத்தி போவதுபோல் அசைந்தது. கிரீச் என்றுகூடச் சத்தமில்லை.

வேறு யாராக இருந்தாலும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். அவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். தராசில் ஒரு சரக்கு ஏறிவிட்டது. எடை போட வேண்டும். சரக்கு யாருடையது என்று கேட்பது எடை போடுகிறவன் வேலையில்லை.

"மூட்டை, கொஞ்சம் பின்னாடி நகரு. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான்."

பலகை நேராக நின்றது. மூட்டை பாதித் தூரத்தில் இருந்தாள், அப்படியானால் எதிர் முனையில் இருப்பது அவள் எடையில் பாதி. எதிரே ஒன்றுமில்லாத இருக்கையை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "பத்து கிலோ," என்றார் பெருமையாக.

சந்தேகமான வண்டியை மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்ப்பது அவருடைய வழக்கம். எடைமேடையில் ஒரு டிரைவரும் அவரைத் திட்டாமல் போனதில்லை, அந்த மூன்றுக்காக. மூட்டையை இறக்கி மறுபடி ஏற்றினார். இந்தத் தடவை பலகை நேராக நிற்க அவள் இன்னும் பின்னால் நகர வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை, கடைசிக் கைப்பிடிவரை.

அது கனத்துக்கொண்டிருந்தது.

போதும் என்று மூட்டையைத் தூக்கினார். கை சொன்னது: பதினைந்து நானூறு.

நின்றார். கீழே விட்டார். மறுபடி தூக்கினார். பதினைந்து நானூறு. தராசு எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. அங்கே ஏறினால் இங்கே இறங்கியிருக்கிறது.

"தாத்தா, இன்னொரு தடவ போடு," என்றாள் மூட்டை. "இன்னும் பத்தலையாம்."

"யாருக்கு?"

மூட்டை எதிர் முனையைப் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கினாள்.

பயம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி நெஞ்சுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது. மூட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு பாய்க்கு வந்தார்.

"கொழந்தையக் கொஞ்சம் தூக்கிப் பாரேன்."

"எதுக்குப்பா?"

"எடை குறைஞ்சிருக்கு. நாலு கிலோ. அந்தப் பலகைக்குப் போயிருச்சு."

மகள் ஒரு கண்ணைத் திறந்தாள். "ஈ கதை முடிஞ்சு இப்ப பலகைக் கதையா?"

"சத்தியமாச் சொல்றேம்மா."

"நீங்க சத்தியம் பண்ணாத புளுகு எதுப்பா இருக்கு?"

ஆனாலும் நர்ஸ் அல்லவா? மூட்டையின் நெற்றியைத் தொட்டாள், கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், நகத்தை அழுத்திவிட்டாள். "நல்லாத்தான் இருக்கா. வெயில். ஜூஸ் குடுங்க."

"ஒரே ஒரு தடவ தூக்கு."

"வாரம் பூரா தூக்கித் தூக்கித்தான் முதுகு விட்டுப்போச்சு. இன்னிக்கு யாரையும் தூக்க மாட்டேன். பெத்த பொண்ணா இருந்தாலும்."

கண்ணை மூடிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. முப்பது வருடமாக அவளிடம் அவர் சொன்ன கதைகளை எடை போட்டால் எந்த மேடையும் தாங்காது.

அதன் பிறகு பொழுது நகர்ந்தது. பக்கத்துப் பாய்க்காரர் இன்னொரு கதை கேட்டார். இவரும் சொன்னார். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது, அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது மாதிரி இருந்தது. நடுவில் மூட்டையைத் தூக்கினார். பன்னிரண்டு. கதை. தூக்கினார். ஒன்பது. பலகையை விட்டு வந்தும் அது நிற்கவில்லை. யாரோ உதைத்த பிளாஸ்டிக் பந்து லேசாக வந்து மோத, உட்கார்ந்திருந்த மூட்டை பாயில் ஒரு முழம் வழுக்கிப் போனாள். அவள் அழவில்லை. புல்லில் நடந்தாள். புல் வளையவில்லை.

தூக்கினார். ஐந்து.

எழுந்து பலகையை நோக்கி நடந்தார். மூன்று முறை ஏற்றியது அவர்தான். பின்னாடி நகரு, பின்னாடி நகரு என்று அளந்து கொடுத்ததும் அவர்தான். எதிர் முனை மண்ணில் அழுந்திக் கிடந்தது. இந்த முனை ஆகாயத்தைப் பார்த்தபடி.

அதைப் பிடித்து இழுத்து, ஏறி உட்கார்ந்தார்.

"எழுபத்திரண்டு கிலோ இருக்கேன்," என்றார், எதிரே இல்லாததிடம். பேரம் பேசுகிற குரல் வரவில்லை. கெஞ்சுகிற குரலும் வரவில்லை. தகவல் சொல்கிற குரல்தான் வந்தது. "இத எடுத்துக்க. அவள விட்டுரு."

தடால்.

அவர் முனை தரையில் மோதியது. எதிர் முனை துள்ளி மேலே போய் நின்றது. லேசாக ஆடியது. அதில் யாரும் இல்லை.

இப்போது நிஜமாகவே யாரும் இல்லை.

பலகைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் பாய்ச்சிய புல்தரை. அதில் ஒரு சின்னக் கால் தடம். வெறுங்கால். பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் ஊறி நிரம்பிக்கொண்டிருந்தது. முதல் தடம் விரல் ஆழம். அடுத்தது அதைவிட ஆழம். அதற்கடுத்தது இன்னும்.

தடங்கள் நேராக மரத்தடிக்குப் போயின.

ஓட நினைத்தார். நடக்கத்தான் முடிந்தது. நடந்தார். ஐஸ் வண்டி மணி. யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். பந்து உருளும் சத்தம்.

தூரத்தில் பாய் தெரிந்தது. மூட்டையின் பக்கத்தில் பாய் ஓரிடத்தில் குழிந்தது. குழிந்தபடியே நின்றது.

மூட்டை எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

"அம்மா. தூக்கு."

"சும்மா இருடி," என்றாள் மகள், தூக்கக் கலக்கத்தில்.

"தூக்கும்மா."

குரல் மூட்டையினுடையதுதான். உதடு அசையவில்லை.

"வேண்டாம்!" என்று கத்தினார். சத்தம் வெளியே வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. மகள் அலுத்துக்கொண்டே எழுந்தாள். குனிந்தாள். தூக்கினாள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மகள் நின்றுகொண்டிருந்தாள். குழந்தையைச் சுமக்கிறவள் நிற்கிற மாதிரி இடது இடுப்பு வெளியே தள்ளி, முதுகு ஒரு பக்கம் வளைந்து, இடது கை ஒன்றுமில்லாததைச் சுற்றி இறுக்கமாக வளைந்திருந்தது. தோள்பட்டையில் அவள் உடுப்பு கொத்தாகச் சுருங்கியிருந்தது, ஐந்து சின்ன விரல்கள் பற்றிய மாதிரி. அவள் செருப்பு புல்லோடு மண்ணில் இறங்கியிருந்தது.

வலது கையில் மூட்டையின் மணிக்கட்டை மட்டும் பிடித்திருந்தாள். மூட்டையின் பாதங்கள் தரையில் இல்லை. காற்று வந்தபோது, கொடியில் காயும் துணியாக, அவள் ஒரு பக்கமாகப் படபடத்தாள். கண் திறந்திருந்தது. தாத்தாவைப் பார்த்தது.

மகளின் முகத்தில் எதுவுமே இல்லை. வார்டில் எடை எழுதும்போது அவள் முகம் இப்படித்தான் இருக்கும்.

"எறக்கினா எறங்க மாட்டேங்குதுப்பா," என்றாள்.

அவர் அந்தக் காலி இடுப்பைப் பார்த்தார்.

மகள் கையை மாற்றிப் பிடிக்கப் பார்த்தாள். முடியவில்லை. இன்னும் ஓர் அங்குலம் மண்ணில் இறங்கினாள்.

"நீங்க சொன்னது நிஜந்தாம்பா," என்றாள். "கனக்குது."