தொட்டியில் செத்த சங்குகள்

"அண்ணை, பொழுதுபடுகிறதுக்குள்ளை பொலிஸ் என்னைக் கொண்டுபோயிடும். நான் அதுகளைக் கொல்லேல்லை!"

டொக்டர் அருட்பிரகாசத்தின் வீட்டுக்குத் தினமும் கடல்நீர் சுமக்கும் அடைக்கலநாதன் ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் சீவரத்தினத்தின் வாசலில் நின்று கெஞ்சினான். டொக்டர் ஆராய்ச்சிக்கென்று பின்வளவுச் சீமெந்துத் தொட்டியில் வளர்த்த இருபது உயிர்ச் சங்குகளும் விடியும்போது நாறிக் கிடந்தனவாம். போன கிழமை டொக்டர் கன்னத்தில் அறைந்ததற்கு, "உம்மடை சங்கெல்லாம் நாறிப்போம்!" என்று பருத்தித்துறைச் சந்தை முழுக்கக் கேட்கக் கத்தியவனும் இவன்தான். நுணலும் தன் வாயால் கெடும்.

சீவரத்தினம் சால்வையை எடுத்துப் போட்டார். பக்கத்துச் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு அவருடைய கூட்டாளி நஸ்ருதீனும் கூடவே ஓடினார். நஸ்ருதீனுக்கு வழக்கு அப்போதே முடிந்துவிட்டது. அடிவாங்கியவன் பழிவாங்கிவிட்டான், இதில் துப்பறிய என்ன இருக்கிறது?

தொட்டியடியில் நின்ற டொக்டர் பல்லைக் கடித்தார். "அழுகல் தண்ணி கொண்டந்து ஊத்திப்போட்டான். உவனை மறியலிலை கம்பி எண்ண வைக்காமல் விடன்!"

"சங்கிலை அப்பிடி என்ன ஆராய்ச்சி, ஐயா?" என்று கேட்டார் சீவரத்தினம்.

"ஊசியாலை கிருமி ஏத்தினாலும் உதுகள் சாகாது. இரத்தத்திலை உள்ள அணுக்கள் கிருமியைச் சுத்திப் பிடிச்சு விழுங்கிப்போடும்."

சமையற்காரி குணலட்சுமி தேத்தண்ணி வைத்தாள். "பாவங்கள், நல்ல தண்ணியிலை சங்கு தாங்குமே?" என்று முணுமுணுத்தாள். இளகிய மனசு என்று நஸ்ருதீன் எண்ணிக்கொண்டார்.

சீவரத்தினம் தொட்டியைச் சுற்றி நடந்தார். முன்பு நீர் வழிந்து காய்ந்த இடமெல்லாம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. கிணற்றுப் பக்கம் மட்டும் சீமெந்து கழுவிவிட்டதுபோல் இருந்தது.

பொலிஸ்காரர் வந்ததும் சீவரத்தினம் எல்லாரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"ஐயா, கிருமியை விழுங்கிற சங்கு அழுகல் தண்ணியிலை ஒரே இரவிலை சாகுமே? கடைசியா இந்தப் பக்கம் வழிஞ்ச தண்ணி காய்ஞ்ச இடத்திலை உப்புப் பூக்கேல்லை, இருந்த உப்பையும் அது கழுவிப்போட்டுது. அது கிணத்துத் தண்ணி. எங்களுக்கு நல்ல தண்ணி, கடல் சீவனுக்கு நஞ்சு."

"அதையும் உவன்தான் ஊத்தியிருப்பான்!" என்றார் டொக்டர்.

"நீங்கள் 'அழுகல் தண்ணி' எண்டியள். அவனும் 'நாறிப்போம்' எண்டுதான் கத்தினவன். 'நல்ல தண்ணி' எண்டு நான் சொல்ல முதலே சொன்னது ஒரே ஒரு ஆள்."

நஸ்ருதீனுக்கு முகம் சுட்டது. குணலட்சுமி தலைகுனியவில்லை.

"ஓம், நான்தான். முதல் சாக்கடைத் தண்ணி ஊத்திப் பாத்தன், ஒண்டும் சாகேல்லை. காலிலை முள்ளுக் குத்திப் புண் புரையோடி என்ரை பிள்ளை காய்ச்சலிலை கிடக்க, ஓடிவந்து உங்கடை காலிலை விழுந்தன். 'சங்கைப் பாத்துப்போட்டு வாறன்' எண்டியள். வரேல்லை. பிள்ளை செத்துப்போச்சு. அதுக்குப் பிறகும் சோறாக்கவே இஞ்சை நிண்டனான்? இதுக்குத்தான் நிண்டனான்."

 பொலிஸ்காரர் டொக்டரின் முகத்தைப் பார்த்தார்.

"முறைப்பாடு இல்லை. நீர் போம்," என்று பொலிஸ்காரரிடம் சொன்னார் டொக்டர். அடைக்கலநாதன் சீவரத்தினத்தைக் கும்பிட்டான்.

குணலட்சுமி கிணற்று வாளியை எடுத்து டொக்டரின் காலடியில் வைத்தாள். "சங்கு ஏன் சாகேல்லை எண்டு பாத்தியள். என்ரை பிள்ளை ஏன் சாகுது எண்டு ஒருக்கா வந்து பாத்தியளே? இருபதும் செத்தும் என்ரை வயித்தெரிச்சல் அடங்கேல்லை, ஐயா."