பொற்கொடியின் பங்கு

பொற்கொடி எழுதிக்கொண்டிருந்தாள்.

லேப்டாப்பில், நொய்யல் சாயக்கழிவு பற்றி மூன்று பேரும் சேர்ந்து செய்யவேண்டிய புராஜெக்ட் ஃபைலில், அவள் பெயர் ஒட்டிய பச்சைக் கோடு நின்று நின்று நகர்ந்தது. 'எம்பட பங்கு எதுங்க, ரூபினா?'

ரூபினா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். பொற்கொடியின் பெயரில் உள்ளே நுழைவதே இவள்தான். காய்ச்சல் என்று பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் படுத்தவளுக்காக, தினமும் பழைய போனில் அவளாக நுழைந்து, கேமராவை அணைத்துவிட்டு, 'வந்திருக்கேனுங்க மேடம்' என்று சாட்டில் போட்டு அட்டெண்டன்ஸ் வாங்குவாள். ஒருத்தர் வராவிட்டாலும் குரூப்புக்கே மார்க் கிடையாது. இந்த செமஸ்டர் போனால் படிப்புக்கு முழுக்கு என்று அத்தா கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்தப் பழைய போன் பீரோவுக்குள் சார்ஜ் செத்துக் கிடந்தது.

மூன்றாவது ஆளான ஜெரோமுக்கு அடித்தாள். "ஏனுங்க ஜெரோம், பொற்கொடி ஐடியில நீங்களா போயிருக்கீங்க?"

"நானில்லீங்க." என்றான் ஜெரோம். "வைவாவுக்கு அவளக் கூப்பிடலாம்னு இப்பத்தான் வெள்ளகோவில்ல அவ வீட்டுக்குப் பேசினேன். அவ அந்தக் காய்ச்சல்லயே போயிட்டாளாமுங்க. போன மாசமே. அவங்கம்மா அழுதுட்டே கேக்கறாங்க, 'எம்புள்ள தெனமும் கிளாசுக்கு வாராளாமே, அது யாரு கண்ணு?'ன்னு."

இன்று காலையிலும் அவளுக்கு அட்டெண்டன்ஸ் போட்டது ரூபினாவின் கைதான். அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அழக்கூட நேரமில்லை. வைவா தொடங்கிவிட்டது.

கோட்டைமேட்டுத் தெருவில் மஃரிப் பாங்கு ஓய்ந்து, சந்தின் பைக் சத்தமெல்லாம் அடங்கி, ஃபேன் மட்டும் கடகடத்த அந்த அறையில், அத்தர் மணக்கவேண்டிய பீரோவிலிருந்து வாடிய சம்பங்கி மாலையின் நாற்றம் மெல்லக் கசிந்து வந்தது.

"ரூபினா, பொற்கொடி எங்கம்மா?" மேடம் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் இத்தனை நாள் செய்த திருட்டுத்தனமும் வெளியே வரும். ஜெரோம் திரையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். ரூபினா பொய்யையே சொன்னாள்.

"வந்திருக்காங்க மேடம். நெட்டு சரியில்லைங்க."

திரையில் பொற்கொடியின் பெயரோடு ஒரு கட்டம் திறந்தது.

இருட்டு. தொங்கும் சுடிதார்களின் ஓரம். நடுவே கோடாக ஒரு வெளிச்சம். அந்தக் கோட்டுக்குள் ஒரு நாற்காலி. நாற்காலியில், முதுகைக் காட்டியபடி, ரூபினா.

முதுகுக்குப் பின்னால் பீரோவின் கீல் முனகியது.

திரையில் வெளிச்சக் கோடு அகலமாயிற்று. முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. திரும்பவில்லை. முடியவில்லை.

"சரி, பொற்கொடி வந்தாச்சு," என்றார் மேடம், தலை நிமிராமல். "உன் பங்கை ஆரம்பிம்மா."

சம்பங்கி. வெகு அருகில்.

ரூபினாவின் தலைக்கு மேலாக இரண்டு கைகள் கீபோர்டை நோக்கி இறங்கின. பாடையில் கிடத்தியபோது கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி இன்னும் அவிழவில்லை.